அடித்தளக் குடோனும் மழைத் தண்ணீரும்

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கடை வைத்திருக்கும் நமக்கு அணை கட்டும் வேலை இல்லை. ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டால், கீழே அடித்தளத்தில் அடுக்கி வைத்திருக்கும் சரக்கை நினைத்து இரவில் தூக்கம் வராமல் தவிப்பவர்கள் நம்மில் பலர் உண்டு. சென்னையின் நெருக்கமான கடைவீதிகளில் இடத்தின் விலையும் வாடகையும் ஏறியதால், மேலே கடை, அதற்கும் மேலே வீடு, கீழே அடித்தளத்தில் குடோன் என்று வியாபாரம் நடத்துவது வழக்கமாகிவிட்டது. இடம் மிச்சமாகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த இடம் ரோட்டு மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்பதை மழைக்காலத்தில் மட்டுமே நினைத்துக் கொள்கிறோம்.

நஷ்டத்தை வியாபாரிக்கு வியாபாரக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். மளிகை மொத்த வியாபாரத்தில் செலவெல்லாம் போக நூற்றுக்கு மூன்று ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரு லட்ச ரூபாய் சரக்கு நனைந்து வீணாகிவிட்டால், அந்த ஒரு லட்சத்தை மீண்டும் சம்பாதிக்க 33 லட்ச ரூபாய்க்கு மேல் விற்றாக வேண்டும். பல மாத உழைப்பு ஒரே இரவில் போய்விடும். அந்த நஷ்டத்தோடு ஒப்பிட்டால் கீழே சொல்லப்போகும் வேலைகளுக்கு ஆகும் செலவு சொற்பம்.

பொதுவாக நாம் செய்யும் தவறு ஒன்று உண்டு. சுவரில் ஈரம் தெரிந்தவுடன் பெயிண்டரைக் கூப்பிட்டு, 'வாட்டர் புரூப்' பெயிண்ட் அடிக்கச் சொல்லிவிடுகிறோம். அடுத்த மழையில் அது உரிந்து விழுகிறது. பெயிண்டையும் பெயிண்டரையும் திட்டுகிறோம். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்து கொள்ளாமல் செய்யும் எந்தச் செலவும் இப்படித்தான் முடியும். வழியைக் கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடித்தல்

அடித்தளத்துக்குள் தண்ணீர் வர முக்கியமாக ஆறு வழிகள் உண்டு. ரோட்டுத் தண்ணீர் வாசல், படிக்கட்டு, சாய்தளம் வழியாக இறங்குவது ஒன்று. மொட்டை மாடித் தண்ணீர் சுவரோரமாகக் கொட்டி ஊறி வருவது இரண்டு. நிலத்தடி நீர் ஏறி, தரை வழியாகவும் சுவர் வழியாகவும் கசிவது மூன்று. பாதாளச் சாக்கடை நிரம்பி, குழாய் வழியாகத் திரும்பி வருவது நான்கு. நம் கட்டிடத்தின் சொந்தக் குழாயோ தரைக்கீழ்த் தொட்டியோ ஒழுகுவது ஐந்து. காற்றில் உள்ள ஈரம் சுவரில் வியர்ப்பது ஆறு.

எது என்று கண்டுபிடிக்க, ஒரு மழைக்காலம் முழுவதும் சுவரில் மாட்டிய காலண்டரிலேயே குறித்து வைத்தால் போதும். மழை பெய்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் தண்ணீர் வந்து, மழை நின்றதும் குறைந்தால் அது வாசல் வழியாகவோ மாடி வழியாகவோ வருவது. மழை விட்டு சில நாள் கழித்து வந்து வாரக்கணக்கில் நீடித்தால் அது நிலத்தடி நீர். கறுப்பாக, நாற்றத்துடன் வந்தால் சாக்கடை. சித்திரை, வைகாசி வெயிலிலும் ஈரம் காயாமல் இருந்தால் குழாயையும் தொட்டியையும் சந்தேகப்படுங்கள்.

தரைக்கீழ்த் தொட்டியைச் சோதிப்பது சுலபம். இரவு கடை அடைத்த பிறகு தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாயையும், மேலே ஏற்றும் மோட்டாரையும் நிறுத்திவிட்டு, தண்ணீர் மட்டத்தில் கோடு போட்டு வையுங்கள். காலையில் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் தொட்டி ஒழுகுகிறது. பல கட்டிடங்களில் அடித்தளச் சுவருக்கு அடுத்தே தொட்டி இருக்கும். அங்கே சுவரைப் பூசிப் பயனில்லை, தொட்டியைத்தான் பூச வேண்டும்.

சுவர் கசிகிறதா, வெறும் வியர்வையா என்று தெரிய இன்னொரு சோதனை உண்டு. ஈரமான இடத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் ஷீட்டை வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் பேக்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். ஷீட்டுக்கு உட்புறம், அதாவது சுவர்ப் பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. நம் பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிர்வதும் தண்ணீர் சுவரை ஊடுருவி வருகிறது என்பதற்கு அடையாளம்.

வாசல் வழி வரும் தண்ணீர்

பெரிய நஷ்டங்கள் இந்த வழியில்தான் வருகின்றன. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் பெய்த மழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவாயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் பல பகுதிகளில் தெருவெல்லாம் ஆறாக ஓடியது. அப்படிப்பட்ட நாளில் அடித்தளத்தின் வாசல், தெருத் தண்ணீருக்கு ஒரு வடிகால் ஆகிவிடுகிறது.

இன்னொரு சங்கடமும் நமக்குத் தெரிந்ததே. கடை கட்டும்போது ரோட்டை விட இரண்டு படி உயரமாக இருந்தது. பழைய தளத்தின் மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டுப் போட்டு, ரோடு உயர்ந்து கடை பள்ளமாகிவிட்டது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத்தளம் போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு உத்தரவிட்டது. உங்கள் தெருவில் ரோடு வேலை தொடங்கும்போது வியாபாரிகள் சேர்ந்து நின்று இதைக் கவனிக்க வேண்டும். தளம் போட்டு முடிந்த பிறகு முறையிட்டுப் பலனில்லை.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியவை: அடித்தளத்துக்கு இறங்கும் படியின் முன்போ சாய்தளத்தின் தலைப்பிலோ ஒரு மேடு கட்டுங்கள். அதன் உயரம் உங்கள் வாசலில் இதுவரை தண்ணீர் நின்ற மட்டத்தை விட அரை அடியாவது கூடுதலாக இருக்கட்டும். பக்கத்துக் கடைக்காரரையும் பழைய வாட்ச்மேனையும் கேட்டால் அந்த மட்டத்தைச் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். வண்டி இறங்குவதற்காக அவ்வளவு உயரம் கட்ட முடியாத இடத்தில், வாசலின் இரு பக்கமும் இரும்புச் சேனல் பதித்து, மழை நாளில் அதில் பலகையோ தகடோ இறக்கிவிடலாம். சேனலுக்கும் பலகைக்கும் நடுவே ரப்பர் பட்டை வைத்தால் ஒழுகல் குறையும். பலகையைத் தேடி எடுக்கும் நிலையில் வைக்காமல், வாசலுக்குப் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள்.

சாய்தளத்தின் அடியில் குறுக்காக ஒரு கால்வாய் வெட்டி, மேலே இரும்புக் கிராதி போட்டு, தண்ணீரைப் பம்புக் குழிக்குத் திருப்புவதும் அவசியம். அடித்தளத்துக்குக் காற்று வர வைத்த ஜன்னல்கள் தெரு மட்டத்தில் இருந்தால் அவையும் வாசல்தான். அவற்றைச் சுற்றியும் தடுப்புச் சுவர் வேண்டும்.

மாடித் தண்ணீர்

மொட்டை மாடி 1,000 சதுர அடி இருந்தால், 10 செ.மீ. மழையில் அங்கே விழும் தண்ணீர் சுமார் 9,300 லிட்டர். சென்னையில் வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் 10 செ.மீ. பெய்வது அபூர்வமல்ல. அதாவது 9,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றை முழுதாக உங்கள் சுவரோரம் திறந்துவிட்ட மாதிரி. மாடிக் குழாய் கீழே உடைந்து சுவரோரத்திலேயே கொட்டிக் கொண்டிருந்தால் அடித்தளச் சுவர் ஊறாமல் என்ன செய்யும்?

குழாயை நீட்டி, தண்ணீரைக் கட்டிடத்திலிருந்து தள்ளிக் கொண்டுபோய் விட வேண்டும். சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டு, வெளிப்பக்கமாக வாட்டம் கொடுங்கள். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயம். நல்ல திட்டம்தான். ஆனால் அந்த உறிஞ்சு குழியை அடித்தளச் சுவரை ஒட்டியே தோண்டிவிட்டால், மாடித் தண்ணீர் முழுவதையும் நம் சுவருக்கே ஊட்டுகிறோம் என்று அர்த்தம். குழியை மூடிவிடக் கூடாது. மனையின் எதிர் மூலைக்கு மாற்றுங்கள். இட வசதி இல்லாவிட்டால் கிணற்றுக்கோ தொட்டிக்கோ தண்ணீரைத் திருப்பலாம்.

இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் வேலை வேறில்லை. ஆகவே சுவரை உடைத்துப் பூசும் முன்பு மாடிக் குழாயைச் சரி செய்துவிட்டு ஒரு மழையைப் பாருங்கள்.

நிலத்தடி நீர்

கோடையில் ஆழத்தில் இருக்கும் நிலத்தடி நீர் கார்த்திகை வாக்கில் பல இடங்களில் சில அடிக்கே வந்துவிடும். அப்போது அடித்தளம் தண்ணீரில் இறக்கிய பெட்டி போல நிற்கிறது. தரை மட்டத்தை விட ஒரு மீட்டர் உயரத்தில் வெளியே தண்ணீர் நின்றால், ஒவ்வொரு சதுர மீட்டர் தரையையும் அது 1,000 கிலோ விசையுடன் கீழிருந்து மேலே தள்ளுகிறது. 50 கிலோ மூட்டைக் கணக்கில் 20 மூட்டை. அந்த அழுத்தத்தை உட்புறம் அடித்த ஒரு பெயிண்ட் எப்படித் தாங்கும்? ஓட்டை வாளிக்கு வெளியே இருந்து காகிதம் ஒட்டுவதைப் போலத்தான்.

கட்டிடம் கட்டும்போதே சுவரின் வெளிப்புறத்திலும் தரைக்கு அடியிலும் நீர்த்தடுப்புப் பூச்சு செய்வதே சரியான முறை. புதிதாகக் கட்டுபவர்கள் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம், பிறகு திருத்த முடியாது. பழைய கட்டிடத்திலும், ஒரு பக்கமாவது காலி இடம் இருந்தால் மண்ணைத் தோண்டி வெளிப்புறம் பூசலாம். பகுதி பகுதியாக, என்ஜினீயரின் மேற்பார்வையில் தோண்ட வேண்டும். ஒரேயடியாகத் தோண்டினால் சுவருக்கே ஆபத்து.

நெருக்கமான தெருக்களில் இரு பக்கமும் அடுத்தவர் கட்டிடம் ஒட்டி நிற்கும். அங்கே உள்ளிருந்துதான் வேலை செய்ய முடியும். முதலில் சுவரும் தரையும் சேரும் மூலையைப் பாருங்கள். கசிவு அதிகம் வருவது அங்கேதான். விரிசலைக் கொத்தி அகலமாக்கி, சுருங்காத சிமெண்டுக் கலவையால் அடைக்க வேண்டும். தண்ணீர் பீச்சும் இடத்தில் சில நிமிடங்களில் இறுகும் கலவைகள் கிடைக்கின்றன. பெரிய கசிவுக்குத் துளை போட்டு, அழுத்தத்தில் கலவை செலுத்தும் முறை உண்டு. அதன் பிறகு பழைய பூச்சைச் செங்கல்லோ கான்கிரீட்டோ தெரியும்வரை எடுத்துவிட்டு, சிமெண்டு சார்ந்த நீர்த்தடுப்புப் பூச்சு பூச வேண்டும். உப்புப் பூத்த பழைய பூச்சின் மேலேயே பூசினால் இரண்டும் சேர்ந்து விழும்.

இவ்வளவுக்குப் பிறகும் கசிவு நின்றபாடில்லை என்றால், தண்ணீரோடு மல்லுக்கு நிற்காமல் அது போகும் வழியை நாமே தீர்மானித்துவிடலாம். சுவரோரமாக நாலு அங்குல அகலத்தில் கால்வாய் அமைத்து, குழியை நோக்கி வாட்டம் விட்டு, அங்கிருந்து பம்பால் வெளியேற்றினால் நடுத்தரை காய்ந்திருக்கும். இப்படி எத்தனையோ அடித்தளங்கள் பல ஆண்டுகள் பயன்படுகின்றன.

குழியும் பம்பும்

குழி இரண்டடிக்கு இரண்டடி, இரண்டரை அடி ஆழம் இருந்தால் சாதாரணக் குடோனுக்குப் போதும். தண்ணீர் ஏறினால் தானே ஓடி, இறங்கினால் தானே நிற்கும் மிதவை ஸ்விட்ச் உள்ள நீர்மூழ்கிப் பம்பு வையுங்கள். வெளியேற்றும் குழாய் ரோட்டு வெள்ள மட்டத்துக்கு மேலே ஏறி இறங்க வேண்டும். அதில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் பம்பு நின்றதும் தெருத் தண்ணீர் அதே குழாயில் திரும்பி வரும்.

20 அடிக்கு 20 அடி குடோனில் ஒரு அங்குலம் தண்ணீர் நின்றால் 940 லிட்டர். ஒரு அடி நின்றால் 11,300 லிட்டர். நிமிடத்துக்கு 100 லிட்டர் இறைக்கும் பம்புக்கு, புதிதாகத் தண்ணீர் வராமல் இருந்தாலே, கிட்டத்தட்ட இரண்டு மணி நேர வேலை. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக் கொண்டு பம்பு வாங்குங்கள்.

முக்கியமான ஒன்று. பெருமழையில் பாதுகாப்புக்காக முதலில் நிறுத்தப்படுவது மின்சாரம். 2015-லும் 2023-லும் பல பகுதிகளில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. எப்போது பம்பு தேவையோ அப்போது பம்பு ஓடாது. ஆகையால் டீசல் பம்போ ஜெனரேட்டரோ ஏற்பாடு செய்து வையுங்கள். தனியாக வாங்க இயலாதவர்கள் ஒரு தெருவுக்கு நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாம். அதை அடித்தளத்துக்குள் வைத்து மட்டும் ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய இடத்தில் ஆளையே கொன்றுவிடும். எஞ்சின் தெருவில் இருக்கட்டும், குழாய் மட்டும் கீழே இறங்கட்டும்.

பம்பில் வரும் தண்ணீர் மணலும் சேறுமாகத் தொடர்ந்து வந்தால் உடனே நிறுத்தி என்ஜினீயரைக் கூப்பிடுங்கள். தரைக்கு அடியில் உள்ள மண் அரித்து வருகிறது என்று பொருள்.

சாக்கடை திரும்புதல்

அடித்தளத்தில் கழிப்பிடமோ, தரை கழுவ விட்ட வடிகால் துளையோ இருந்து, அது நேராகத் தெருப் பாதாளச் சாக்கடையில் சேர்ந்திருந்தால் மழை நாளில் ஆபத்து. தெரு மேன்ஹோல் நிரம்பினால் அந்தத் தண்ணீர் தனக்குத் தாழ்வான இடத்தைத் தேடும். அது உங்கள் குடோன்தான். அந்தக் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டு, ஆண்டுக்கு இரு முறை திறந்து சுத்தம் செய்யுங்கள். குப்பை சிக்கிய வால்வு மூடாது. பயன்படாத வடிகால் துளையை நிரந்தரமாக அடைத்துவிடுவதே நல்லது.

காற்றின் ஈரம்

சொட்டுத் தண்ணீர் உள்ளே வராமலே சரக்கு கெடுவதும் உண்டு. 30 டிகிரி வெப்பமுள்ள காற்று ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் வரை ஈரத்தைத் தாங்கும். 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் 23 கிராம்தான் தாங்கும். மிச்சம் 7 கிராமும் குளிர்ந்த சுவரிலும் தரையிலும் தண்ணீராக இறங்கிவிடும். மழை நாளில் 'காற்றாடட்டும்' என்று அடித்தளக் கதவைத் திறந்து வைத்தால் ஈரக்காற்றைத்தான் உள்ளே அழைக்கிறோம். வெயில் ஏறிய உலர்ந்த நாளில் திறந்து எக்ஸாஸ்ட் விசிறி போடுங்கள், மழை நாளில் மூடி வையுங்கள்.

காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு கசியத் தொடங்கும். 85 சதவீதத்தை நெருங்கினால் சர்க்கரையும் இளகும். விலைக்குத் தக்கபடி ஈரமானிகள் கிடைக்கின்றன. ஒன்று வாங்கிக் குடோனில் மாட்டினால் கண்ணுக்குத் தெரியாத ஈரமும் தெரிந்துவிடும்.

சரக்கு அடுக்கும் முறை

தரையில் நேரடியாக ஒரு மூட்டைகூடக் கூடாது. அரை அடி உயரக் கட்டைகளின் மேல் பலகை போட்டு அட்டி அடுக்குங்கள். தண்ணீர் வந்து பழக்கமுள்ள குடோனில் இரண்டடி உயர இரும்பு ஸ்டாண்டு வேண்டும். சுவரிலிருந்து ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். சுவர் ஈரம் மூட்டைக்கு ஏறாது என்பதோடு, கசிவும் எலி வளையும் கண்ணில் படும்.

எதை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். சர்க்கரை, உப்பு, மாவு, ரவை, அப்பளம், மிளகாய், நிலக்கடலை ஆகியவற்றுக்கு மேல் தளத்தில் இடம் கொடுங்கள். பிளாஸ்டிக் வாளி, எவர்சில்வர் சாமான் போன்ற கழுவித் துடைக்கக்கூடியவை அடித்தளத்தின் கீழ்த்தட்டில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அடித்தள ஸ்டாக்கைப் பாதியாகக் குறைத்தாலே கவலையும் பாதியாகும்.

பிளீச்சிங் பவுடர், கழிப்பறை கழுவும் ஆசிட் இரண்டையும் அடித்தளத்தில் வைக்கக் கூடாது. வெள்ளத்தில் இரண்டும் கலந்தால் குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும். வண்டுக்குப் புகை போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இன்னும் கொடியது. ஈரம் பட்டாலே உயிர் போக்கும் வாயு வரும். அது அங்கீகாரம் பெற்றவர்கள் மட்டும் கையாள வேண்டியது, நம் குடோனில் மிச்சம் மீதி வைத்திருக்கவே கூடாது.

சரக்கை விட உயிர் பெரிது

2024 ஜூலை 27 அன்று டில்லி பழைய ராஜேந்திர நகரில், ஒரு பயிற்சி நிலையத்தின் அடித்தள நூலகத்தில் மழைத் தண்ணீர் புகுந்து, ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படித்துக் கொண்டிருந்த மூன்று பேர் இறந்தார்கள். அடித்தளத்தில் தண்ணீர் தெருவைப் போல மெதுவாக ஏறாது, நிமிடங்களில் நிரம்பிவிடும். ஒரு மீட்டர் அகலக் கதவுக்கு வெளியே அரை மீட்டர் தண்ணீர் நின்றாலே அதை 125 கிலோ விசை அழுத்துகிறது. உள்ளே இருப்பவரால் வெளிப்பக்கம் தள்ளித் திறக்க முடியாது.

ஆகவே மழைக்காலத்தில் கடைப் பையன்கள் அடித்தளத்தில் படுத்துறங்க அனுமதிக்காதீர்கள். தண்ணீர் இறங்கத் தொடங்கிய பிறகு, 'இன்னும் நாலு மூட்டை' என்று யாரையும் கீழே அனுப்பாதீர்கள். அடித்தளத்தின் மெயின் ஸ்விட்ச் மேல் தளத்தில் இருக்க வேண்டும். மின் கசிவை உணர்ந்து துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி பொருத்துங்கள். பிளக்குகள் தரையிலிருந்து நாலடிக்கு மேலே இருக்கட்டும். தண்ணீர் நிற்கும் தரையில் கால் வைக்கும் முன் மெயினை அணைத்தாயிற்றா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். அனுமதி பெற்ற வரைபடத்தில் உங்கள் அடித்தளம் எதற்கென்று இருக்கிறது என்பதையும் பார்த்துக் கொள்ளுங்கள். வாகனம் நிறுத்த மட்டும் அனுமதி பெற்ற இடத்தில் குடோன் நடத்தினால் பின்னால் பல சிக்கல் வரும்.

தண்ணீர் புகுந்துவிட்டால்

அடித்தளம் நிறையத் தண்ணீர் நின்றால் ஒரே மூச்சில் இறைத்துவிடாதீர்கள். வெளியே மண் ஊறி நிற்கும்போது உள்ளே மட்டும் காலியானால், வெளி அழுத்தம் சுவரை உள்ளே தள்ளிவிடக்கூடும். நாளுக்கு இரண்டு, மூன்று அடி வீதம் குறைப்பது பத்திரம்.

சரக்கை அப்புறப்படுத்தும் முன்பு போட்டோ, வீடியோ எடுங்கள். தண்ணீர் நின்ற மட்டம் சுவரில் தெரியும்படியும் எடுக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உடனே எழுத்து மூலம் தெரிவித்து, சர்வேயர் வந்து பார்க்கும்வரை நனைந்த சரக்கைத் தனியே வையுங்கள்.

நனைந்த அரிசி, பருப்பை வெயிலில் காயவைத்து விற்றுவிடலாம் என்று மனம் சொல்லும். கூடாது. வெள்ளத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறது. நிலக்கடலை, மிளகாய், சோளம் போன்றவற்றில் பூஞ்சணம் பிடித்தால் உண்டாகும் அஃப்லாடாக்சின் என்ற நச்சு, காயவைத்தாலும் வறுத்தாலும் முழுமையாகப் போகாது. அது ஈரலைக் கெடுப்பது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாப்பற்ற உணவை விற்பது தண்டனைக்குரிய குற்றம். தலைமுறையாக நம் கடைக்கு வரும் வாடிக்கையாளரின் நம்பிக்கையை நாலு மூட்டைக்காக இழக்கலாமா?

இன்சூரன்சும் வரியும்

பாலிசி இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாமல் இப்போதே எடுத்துப் படியுங்கள். ஓரிடத்தில் உள்ள சொத்தும் சரக்கும் சேர்த்து 5 கோடி ரூபாய் மதிப்புக்குள் இருப்பவர்களுக்காக 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி வழங்கப்படுகிறது. தீயோடு புயல், வெள்ளமும் இதில் அடங்கும். ஆனால் நாள்பட்ட கசிவால் கெட்ட சரக்கை வெள்ள நஷ்டம் என்று கேட்க முடியாது. குடோன் விலாசமும், சரக்கு அடித்தளத்தில் இருக்கிறது என்பதும் பாலிசியில் தெளிவாக இருக்க வேண்டும். அடித்தளச் சரக்குக்குத் தனி நிபந்தனை உண்டா என்று எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.

பிரீமியத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்துப் போடுவதும் தவறு. 10 லட்ச ரூபாய்ச் சரக்குக்கு 5 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்தவருக்கு 2 லட்சம் நஷ்டமானால், விகிதாசாரப்படி ஒரு லட்சம்தான் கிடைக்கும்.

வரியிலும் ஒரு விஷயம் உண்டு. அழிந்துபோன, கணக்கிலிருந்து நீக்கிய சரக்குக்கு நாம் எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்ப வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டம் 17(5) பிரிவு சொல்கிறது. ஆகவே சரக்கின் மதிப்பை வரியோடு சேர்த்துப் பாலிசியில் காட்டுவது பற்றி ஆடிட்டரிடமும் ஏஜெண்டிடமும் பேசுங்கள். பில் புத்தகம், ஸ்டாக் கணக்கு, கம்ப்யூட்டர் மூன்றும் அடித்தளத்தில் இருக்கவே கூடாது. கணக்கு நனைந்தால் நஷ்டத்தை நிரூபிக்கவே வழியில்லை.

எப்போது எதைச் செய்வது

சித்திரை, வைகாசியில் பூச்சு வேலையையும் மேடு கட்டும் வேலையையும் முடியுங்கள். ஆடி, ஆவணியில் மாடிக் குழாய், வடிகால், வால்வுகளைச் சுத்தம் செய்யுங்கள். புரட்டாசியில் பம்பை ஒருமுறை தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். வாசல் பலகையை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். பாலிசித் தேதியைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது. அதற்குள் அடித்தள ஸ்டாக் குறைந்திருக்கட்டும்.

இவற்றில் பெரிய செலவு வைப்பவை இரண்டு மூன்றுதான். மற்றவை ஒரு ஞாயிற்றுக்கிழமையும், ஒரு கொத்தனாரும், ஒரு பிளம்பரும் இருந்தால் முடிகிற வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு ஒரு டார்ச் விளக்கை எடுத்துக் கொண்டு கீழே இறங்கி, நான்கு மூலையையும் பார்த்துவிட்டு வாருங்கள். எந்த மூலையில் ஈரம் என்று குறித்துக் கொண்டால், பாதி வேலையைத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.